திரைக்குப் பின்னால் நிற்பவரின் ஒரு பக்கம்

(நாடகக் கலை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்து, பார்க்க வந்தவர்கள் வெளியேறி அரை மணி நேரம் ஆவதற்குள் மேடையில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வாரக்கணக்கில் கட்டிய சுவர்களைப் பிரிப்பார்கள். விளக்குகள் கம்பியிலிருந்து இறங்கும். உடைகள் சலவைக்குப் போகும். அமெரிக்கக் கல்லூரி அரங்குகளில் இதை ‘ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். பெரும்பாலும் அதே இரவில் முடித்துவிடுகிற வேலை இது. நடிகருக்கு இதில் பெரிய இழப்பு இல்லை. அவர் குரலும் உடலும் அவரோடு போகின்றன. அடுத்த இடத்தில் இரண்டு நிமிடம் நடித்துக் காட்டினால் அவர் யார் என்று தெரிந்துவிடும். ஒளி அமைத்தவர் எதைக் காட்டுவார்? உடை தைத்தவர், ஒலி அமைத்தவர், திரைக்குப் பின்னால் ஒளியும் ஒலியும் மாற வேண்டிய ஒவ்வொரு தருணத்தையும், அதாவது ஒவ்வொரு கியூவையும், சொல்லி நாடகத்தை நடத்திக்கொடுத்த ஸ்டேஜ் மேனேஜர், இவர்களெல்லாம்? சில புகைப்படங்கள், சில வரைபடங்கள், பிறகு ஒரு தாளில் ஒரு வரி. அந்த வரியை எப்படி எழுதுவது, அந்தத் தாளை எப்படி அமைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெரும்பாலும் அமெரிக்க வழக்கத்தைப் பற்றியே பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. நாடக வடிவமைப்பு மாணவரின் ரெஸ்யூமேக்கு மிகத் தெளிவான மரபு உள்ள இடம் அது. 1960இல் தொடங்கிய யு.எஸ்.ஐ.டி.டி. என்ற நாடகத் தொழில்நுட்ப அமைப்பின் ஆண்டு மாநாட்டில் மாணவர்களின் ரெஸ்யூமேயையும் வேலைத் தொகுப்பையும் மூத்தவர்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். கோடைக்கால நாடகக் குழுக்கள் ஆள் எடுக்கும் சந்தைகளில் ஒருவர் உங்களுக்குக் கொடுப்பது சில நிமிடங்கள்தான். உங்களில் சிலர் அங்கே முதுகலைக்கு விண்ணப்பிக்கப்போகிறீர்கள், சிலர் இங்கேயே வேலை தேடப்போகிறீர்கள். இரு சாராருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்தத் தாள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்த வேலையை, யாரோடு சேர்ந்து, எங்கே செய்தாய்? நாடகம் பலர் கை பட்டு உருவாவது. அதில் உங்கள் கை பட்ட இடம் எது, பிறர் கை பட்ட இடம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரின் ரெஸ்யூமே தானாகவே ஒழுங்கான வடிவத்துக்கு வந்துவிடும்.

மேலிருந்து தொடங்குவோம். முதலில் பெயர். நம்மவர்களுக்கு இங்கேயே சிக்கல் ஆரம்பம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்து நிற்கும், கல்லூரிச் சான்றிதழில் ஓரெழுத்தாகச் சுருங்கியிருக்கும், நாடக அழைப்பிதழில் அதுவும் இராது. ஒருவரே மூன்று பேராகத் தெரிவார். எந்த வடிவத்தில் உங்கள் பெயர் காலமெல்லாம் அச்சாக வேண்டும் என்று இந்த வயதிலேயே முடிவுசெய்யுங்கள். ரெஸ்யூமே, மின்னஞ்சல், இணையப் பக்கம், நாடக அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அதே பெயர் இருக்கட்டும்.

பெயருக்குக் கீழே நீங்கள் யார் என்பது வர வேண்டும்: ஒளி வடிவமைப்பாளர், உடை வடிவமைப்பாளர், ஸ்டேஜ் மேனேஜர், அரங்கத் தச்சர். மாணவப் பருவத்தில் எல்லாரும் எல்லா வேலையும் செய்திருப்பீர்கள். காலையில் பலகை அறுத்து, மாலையில் விளக்கு தூக்கி, இரவில் ஒலிப்பலகையில் உட்கார்ந்திருப்பீர்கள். அதற்காக ஐந்து பட்டங்களையும் அடுக்கிப் போட்டால் எதிலும் நம்பிக்கை பிறக்காது. ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காமல் இரண்டு, மூன்று ரெஸ்யூமே வைத்துக்கொள்ளுங்கள். முதுகலை வடிவமைப்புப் படிப்புக்கு ஒன்று, கோடைக்காலத்தில் மின்பணியாளராகச் சேர ஒன்று. ஒரு கோடைக் குழுவின் தயாரிப்பு மேலாளருக்கு ஏணியில் ஏறி விளக்கைக் குறிவைக்கத் தெரிந்த, பாதுகாப்பாக வேலை செய்கிற ஆள் வேண்டும். நீங்கள் வடிவமைத்த ‘கிங் லியர்’ அவருக்கு இரண்டாம் பட்சம். அவருக்குப் போகும் தாளில் மின்பணி அனுபவம் மேலே ஏறட்டும், வடிவமைப்பு கீழே இறங்கட்டும்.

அடுத்து தொலைபேசி எண், நாட்டுக் குறியீட்டோடு. மின்னஞ்சல். வேலைத் தொகுப்பு உள்ள இணைய முகவரி. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊர் பயோடேட்டாவில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா என்பதெல்லாம் வரும். ஒரு புகைப்படமும் ஒட்டியிருக்கும். கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி எழுதி, இடம், நாள் குறித்துக் கையெழுத்தும் போடுவோம். அமெரிக்காவுக்கு அனுப்பும் தாளில் இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம் சொல்கிறது. அதனால் அந்த விவரங்களைத் தாளில் பார்ப்பதையே அங்கே வேலை கொடுப்பவர்கள் விரும்புவதில்லை. நடிகர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் எட்டுக்குப் பத்து அங்குலப் படத்தின் பின்புறம் ரெஸ்யூமேயை ஒட்டிக் கொடுப்பார்கள், உயரமும் குரல் வகையும் எழுதுவார்கள். இணையத்தில் கிடைக்கும் ‘நாடக ரெஸ்யூமே’ மாதிரிகளில் பெரும்பாலானவை நடிகர்களுக்கானவை. அவற்றைப் பார்த்து நகலெடுத்து, ஒளி வடிவமைப்பாளர் ஒருவர் தன் உயரத்தையும் கண் நிறத்தையும் எழுதி அனுப்பினால், துறையின் வழக்கம் அவருக்குத் தெரியாது என்பது முதல் பார்வையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இனி தாளின் நெஞ்சுப் பகுதிக்கு வருகிறேன். செய்த வேலைகளின் பட்டியல். இதை வாக்கியங்களாக எழுதுவதில்லை, நெடுக்குப் பத்திகளாக அமைக்கிறோம். முதல் பத்தியில் நாடகத்தின் பெயர். அடுத்ததில் உங்கள் பொறுப்பு. அடுத்ததில் இயக்குநரின் பெயர். கடைசியில் அரங்கம் அல்லது குழு, ஆண்டு. புதியது மேலே, பழையது கீழே. கல்லூரிக்கு வெளியே சம்பளத்துக்குச் செய்தவை ஒரு தலைப்பில், கல்லூரியில் செய்தவை இன்னொரு தலைப்பில்.

மூன்றாவது பத்தியில் சற்று நிற்போம். அங்கே யார் பெயர் வர வேண்டும் என்பது உங்கள் பொறுப்பைப் பொறுத்தது. நீங்கள் வடிவமைப்பாளர் என்றால் இயக்குநர் பெயர். உதவி வடிவமைப்பாளர் என்றால் யாருக்கு உதவினீர்களோ அந்த வடிவமைப்பாளர் பெயர். மின்பணியாளர் என்றால் ஒளி வடிவமைப்பாளர் பெயரோ, உங்களுக்கு மேலிருந்த தலைமை மின்பணியாளர் பெயரோ. தையல் பிரிவில் இருந்தவர் என்றால் உடைப் பட்டறையை நடத்தியவர் பெயர். படிப்பவர் முதலில் தேடுவது இந்தப் பத்தியைத்தான். நாடக உலகம் எல்லா ஊரிலும் சிறியது. தனக்குத் தெரிந்த ஒரு பெயர் கண்ணில் பட்டதும் அவர் தொலைபேசியை எடுப்பார்: “இந்தப் பையன் உங்களிடம் வேலை செய்திருக்கிறானாமே, எப்படி?” அந்த ஒரு அழைப்பில் உங்கள் வேலை முடிவாகிவிடும். அதனால் இந்தப் பெயர்களில் ஓர் எழுத்துக்கூடப் பிழைபடக் கூடாது. சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

பொறுப்பைக் குறிக்கும் சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். வடிவமைப்பாளர், இணை வடிவமைப்பாளர், உதவி வடிவமைப்பாளர் மூன்றும் மூன்று வேலை. அசோசியேட் எனப்படும் இணை வடிவமைப்பாளர் தலைமை வடிவமைப்பாளர் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் நின்று முடிவெடுப்பவர். அசிஸ்டென்ட் எனப்படும் உதவியாளர் வரைபடங்களையும் கியூ பட்டியலையும் அன்றன்று திருத்திச் சரியாக வைத்திருப்பவர். இரண்டு மாணவர் சேர்ந்து ஒரு நாடகத்துக்கு ஒளி அமைத்திருந்தால் ‘கூட்டு வடிவமைப்பு’ என்றுதான் இருவரும் எழுத வேண்டும். ஒருவர் கூட்டு என்றும் மற்றவர் தனியாக என்றும் எழுதிய இரு தாள்கள் ஒரே மேசைக்கு வந்து சேரும் வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

உதவியாளர் என்று போட்டால் மதிப்புக் குறையும் என்ற அச்சம் பல மாணவர்களுக்கு இருக்கிறது. இது தேவையில்லாத அச்சம். மிங் சோ லீயை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். ஐம்பதுகளில் ஜோ மீல்சினரிடம் உதவியாளராக இருந்தார். 1949இல் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்துக்கு மேடை அமைத்துப் புகழ்பெற்றவர் மீல்சினர். அந்த உதவியாளர்தான் பின்னாளில் யேல் நாடகப் பள்ளியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து, அமெரிக்க மேடை வடிவமைப்பின் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். ‘கே-2’ நாடகத்தின் மேடை அமைப்புக்காக 1983இல் அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருது பெற்றார். படிப்பை முடிக்கும் மாணவர்களின் வேலைகளை மூத்தவர்கள் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றையும் நியூயார்க்கில் பல ஆண்டுகள் நடத்திவந்தார். யாரிடம் உதவியாளராக இருந்தோம் என்பது இந்தத் துறையில் ஒரு குருகுல முத்திரை. அதை மறைக்க வேண்டாம், பெருமையோடு எழுதுங்கள்.

ஒளிப்பலகையை இயக்கும் வேலைகளும் அப்படித்தான். 1975இல் ‘எ கோரஸ் லைன்’ நாடகத்துக்கு ஒளி அமைத்த தாரன் மஸ்ஸர், நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு முதன்முதலாகக் கணினி நினைவகம் கொண்ட ஒளிப்பலகையைக் கொண்டுவந்தார். அதற்குமுன் கையால் தள்ளும் பெரிய பலகைகளைப் பல பேர் நின்று இயக்க வேண்டியிருந்தது. கணினி வந்தபின் கியூக்களைப் பலகையில் பதிவுசெய்கிற ‘புரோகிராமர்’ என்பதே தனித் திறமையாக வளர்ந்தது. இன்று ஒரு மாணவர் ‘புரோகிராமர்’ என்று எழுதுவதும் ‘பலகை இயக்குநர்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னவர் பதிவுசெய்தவர், பின்னவர் ஒவ்வொரு மாலையும் ஸ்டேஜ் மேனேஜர் சொன்னபோது பொத்தானை அழுத்தியவர். இரண்டும் கௌரவமான வேலை. எது உங்களுடையது என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் தாளிலேயே முடிந்த வடிவமைப்புகளும் உங்களிடம் இருக்கும். ஷேக்ஸ்பியருக்கு ஒரு மாதிரி மேடை, செக்காவுக்கு உடைச் சித்திரங்கள். இவற்றை மேடையேறிய நாடகங்களோடு கலக்கக் கூடாது. ‘வகுப்புத் திட்டம்’ என்று தனித் தலைப்பில் இரண்டு, மூன்று போதும். பாதியில் நின்றுபோன நாடகங்களுக்கும் வழி உண்டு. கொரோனா தொற்றால் 2020 மார்ச் 12 அன்று பிராட்வே மூடியது. அந்த மாதத்தில் எத்தனையோ கல்லூரி நாடகங்கள் வரைபடம் முடிந்து, மேடை பாதி எழும்பிய நிலையில் நின்றுபோயின. அன்று மாணவர்களாக இருந்தவர்கள் அந்த நாடகங்களின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘வடிவமைப்பு நிறைவு, நிகழ்ச்சி ரத்து’ என்று குறித்தார்கள். அதில் குறையேதும் இல்லை. உங்கள் நாடகம் எந்தக் காரணத்தால் நின்றாலும் இதே வழியைப் பின்பற்றலாம்.

இங்கே நம் மண்ணின் அனுபவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கூத்துக் குழுவோடு ஒரு பருவம் சுற்றியவர், நடன அரங்கேற்றங்களுக்கு ஒளி அமைத்தவர், சபா நாடகங்களுக்குப் படுதா கட்டியவர் உங்களில் இருக்கிறீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இவற்றை வெட்டிவிட்டு, கல்லூரியில் போட்ட ஓர் ஆங்கில நாடகத்தை மட்டும் வைக்கிறீர்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இரவு முழுக்க நடக்கும் திறந்தவெளிக் கூத்துக்கு ஜெனரேட்டரில் மின்சாரம் எடுத்து, மழை வந்தால் ஒயர்களைக் காப்பாற்றி, விடியும்வரை வெளிச்சம் அணையாமல் பார்த்துக்கொண்டவருக்கு எந்தக் கோடைக் குழுவும் கதவைத் திறக்கும். ஆனால் ‘தெருக்கூத்து’ என்று மட்டும் எழுதிவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. பெயரை எழுதி, பக்கத்தில் ஐந்தாறு சொல்லில் விளக்குங்கள்: திறந்தவெளி, இரவு முழுவதும், ஜெனரேட்டர் மின்சாரம், இத்தனை ஊர்கள். அரங்கேற்றம் என்றால், நேரடி இசைக்கு ஏற்ப ஒளி மாற்றியதைச் சொல்லுங்கள். தாளம் எண்ணத் தெரிந்தவர் இசை நாடகத்துக்கும் ஆபராவுக்கும் கியூ சொல்வதில் முன்னே நிற்பார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்த ஸ்டேஜ் மேனேஜர்களை அங்கே தேடி எடுக்கிறார்கள்.

திறன்கள் பகுதி சிறியது, ஆபத்தானதும்கூட. முதல் நாள் காலையில் வேலையில் இறக்கிவிட்டால் எதைச் செய்து காட்ட முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள். வரைபடத்துக்கு வெக்டர்வொர்க்ஸ், ஆட்டோகேட். விளக்குகளின் கணக்குக்கு லைட்ரைட். ஒளிப்பலகைகளில் ஈயோஸ், கிராண்ட்எம்ஏ. ஒலிக்கு க்யூலேப். பெயரைக் கேள்விப்பட்டதற்கும் தேர்ச்சிக்கும் நடுவே படிகள் உண்டு. ‘நன்கு தெரியும்’, ‘அடிப்படை தெரியும்’ என்று பிரித்து எழுதினால் உங்கள் மீது மதிப்புக் கூடும். வெல்டிங் தெரிந்தால் எழுதுங்கள். முதலுதவிப் பயிற்சி, உயர்தூக்கியில் ஏறிய பழக்கம், ஓட்டுநர் உரிமம் இவையும் வரலாம். ஓட்டுநர் உரிமமா என்று வியக்காதீர்கள். கோடைக்கால அரங்குகள் பல சிற்றூர்களில் இருக்கின்றன. பலகை வாங்கிவர லாரி ஓட்டுகிற ஆள் அங்கே பெரிய உதவி. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு இணைந்து செயல்படுபவர்’ போன்றவை மட்டும் வேண்டாம். அவற்றை மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லப்போகிறவர்களின் பெயர்கள்தான் தாளின் அடியில் வர வேண்டும். ‘கேட்டால் தரப்படும்’ என்று எழுதுவது ஒரு வரியை வீணாக்குவது. நாடகத் துறையில் பரிந்துரைப்பவர் மூவரின் பெயர், பதவி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை அதே பக்கத்தில் போடுவது வழக்கம். அவர்களிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். கல்வித் தகுதிக்கு இரண்டு வரி போதும். மதிப்பெண் தேவையில்லை.

இவை அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். எழுத்தின் அளவு பத்து அல்லது பதினொரு புள்ளி. ஒரே எழுத்துரு, மிஞ்சினால் இரண்டு. சிரிக்கும் முகமூடி, அழும் முகமூடி, சிவப்புத் திரை, வண்ணப் பின்னணி எதுவும் வேண்டாம். வடிவமைப்பாளர் என்பதால் தாளில் கொஞ்சம் வடிவம் காட்டலாமே என்று கேட்பீர்கள். காட்டலாம், காட்டத்தான் வேண்டும். இடைவெளியில், வரிசையில், எது தடித்து நிற்கிறது எது மெலிந்து நிற்கிறது என்பதில் காட்டுங்கள். மேடையில் பார்ப்பவரின் கண் எங்கே போக வேண்டும் என்று ஒளியால் தீர்மானிக்கிறவர் நீங்கள். இந்தத் தாளிலும் கண் முதலில் பெயருக்கும் பிறகு பொறுப்புகளுக்கும் பிறகு உடன் வேலை செய்தவர்களுக்கும் போக வேண்டும். அச்செடுத்துக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். நான்கு பத்திகளும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி.

பத்திகளை ஸ்பேஸ் பொத்தானைத் தட்டித் தட்டி நேராக்காதீர்கள். உங்கள் கணினியில் நேராக நிற்பது அடுத்தவர் கணினியில் சிதறிவிடும். கோடுகள் தெரியாத அட்டவணை ஒன்றைப் போட்டு அதற்குள் எழுதுங்கள். பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் துறையும் இருக்கட்டும். இன்னொரு சிறு விஷயம், பலருக்குத் தெரியாதது. நாம் பயன்படுத்தும் ஏ-4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் லெட்டர் தாள் 216க்கு 279. நம்முடையது நீளம். ஏ-4இல் அடிவரை நிரப்பிய பக்கத்தை அங்கே அச்செடுத்தால் எல்லாம் சுருங்கும், இல்லையென்றால் அடியிலுள்ள வரிகள் போய்விடும். அடியில் இருப்பவை பரிந்துரைப்பவர்களின் தொலைபேசி எண்கள். அங்கே அனுப்பும் கோப்பைத் தொடக்கத்திலேயே லெட்டர் அளவில் அமைத்துவிடுங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் இயக்குநர்களிடமும் குழு நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் ரெஸ்யூமேயில் எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். நாடகத்தின் அச்சிட்ட நிகழ்ச்சித்தாள்தான் அந்த ஆதாரம். நாடகக் கலைஞர் ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தை மேடை அமைப்பைப் பார்ப்பதற்காகவே போனவர்கள் உண்டு. அந்த மேடையில் ஏறி இறங்கிய தச்சர்களின், மின்பணியாளர்களின் பெயர்களை உங்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு ஒரு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். பிறகு அவர் வரைந்த காலண்டர் படங்கள் வீட்டுக்கு வீடு தொங்கியதால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. வெளிநாட்டிலும் இந்தக் குறை உண்டு. ஒலி வடிவமைப்புக்கு டோனி விருது தொடங்கியதே 2008இல்தான். 2014க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். ஒலிக் கலைஞர்கள் விடாமல் கேட்ட பிறகு 2018இல் திரும்பக் கொடுத்தார்கள்.

உங்கள் அடுத்த நாடகத்தின் நிகழ்ச்சித்தாளில் ‘ஒளி, ஒலி உதவி: மாணவர்கள்’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பலகையை இயக்கியவர், விளக்கு தூக்கியவர், பொத்தான் தைத்தவர் என்று ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் பொறுப்போடு, அவர்கள் விரும்பும் எழுத்தில் அச்சிடுங்கள். அச்சுக்குப் பணம் இல்லையென்றால், நாடகம் முடிந்த வாரத்திலேயே குழுவின் தாளில் தட்டச்சு செய்து கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். மாணவர்களே, இயக்குநர் கொடுக்க மறந்தால் நீங்கள் போய்க் கேட்டு வாங்குங்கள்.